முன்னாலேயே தெரிந்தால் போதுமா? புற்றுநோய்ப் பரிசோதனையும் எரிமலைக் கண்காணிப்பும்

சினைப்பைப் புற்றுநோய் சத்தமில்லாமல் வளர்வது. வயிறு உப்புசம், பசியின்மை என்று மருத்துவரிடம் போகும்போது பெரும்பாலும் அது வயிறு முழுக்கப் பரவியிருக்கும். இதை முன்கூட்டியே பிடித்தால் சாவைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தில், பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை 50 வயது தாண்டிய 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த உஷா மேனன் அதை வழிநடத்தினார். கால்வாசிப் பேருக்கு ஆண்டுதோறும், ரத்தத்தில் இருக்கும் சிஏ-125 என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை. அதன் அளவு ஏறிக்கொண்டே போனால் ஸ்கேன். இன்னொரு கால்வாசிக்கு ஆண்டுதோறும் நேராக ஸ்கேன். மீதிப் பாதிப் பேருக்கு எந்தப் பரிசோதனையும் இல்லை. அப்புறம் சராசரியாகப் பதினாறு வருடம் பொறுத்திருந்து கணக்குப் பார்த்தார்கள்.

முடிவு 2021இல் வந்தது. ரத்தப் பரிசோதனைக் குழுவில் முதல் ஸ்டேஜிலேயே பிடிபட்ட புற்றுநோய் 47 சதவீதம் கூடியிருந்தது. நாலாம் ஸ்டேஜில் பிடிபட்டது கால்வாசி குறைந்திருந்தது. கருவி சொன்ன வேலையைச் செய்துவிட்டது. ஆனால் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கும் செய்துகொள்ளாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

‘சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம்’ என்பதைக் கேள்வி கேட்காமல் நம்பிப் பழகியவர்களுக்கு இது புரியாத முடிவாகத்தான் இருக்கும். ஊருக்கு ஊர் விளம்பரப்படுத்தப்படும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்புகள் அந்த நம்பிக்கையின் மேல்தான் ஓடுகின்றன. பல பேக்கேஜ்களில் இந்த சிஏ-125ஐயே ஒரு வரியாகச் சேர்த்திருப்பதைப் பார்க்கலாம்.

எப்படி இப்படி ஆகிறது? ஒரு பெண் தன் 65ஆம் வயதில் இந்த நோயால் இறக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 62 வயதில் நோய் தெரிந்தால், ‘கண்டுபிடித்த பிறகு மூன்று வருடம் வாழ்ந்தார்’ என்று பதிவாகும். 59 வயதிலேயே தெரிந்து, ஆனால் சிகிச்சையால் நோயின் போக்கை மாற்ற முடியாமல் போனால், அதே 65இல்தான் இறப்பார். பதிவேட்டில் மட்டும் ஆறு வருடம் என்று இருக்கும். அவர் கூடுதலாக ஒரு நாள்கூட வாழவில்லை. நோயாளி என்ற பெயரோடு கூடுதலாக மூன்று வருடம் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். எனவேதான் ‘ஐந்தாண்டு உயிர் பிழைப்பு விகிதம்’ என்ற எண்ணை வைத்து ஒரு பரிசோதனையை எடைபோடக் கூடாது என்கிறார்கள். இறப்பு எண்ணிக்கை குறைந்ததா என்பதுதான் கேள்வி.

எல்லா நோயும் இப்படி இல்லை. அமெரிக்காவில் அதிகம் புகைபிடித்த 53 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் நுரையீரல் புற்றுநோய்ச் சாவை 20 சதவீதம் குறைத்தது என்று 2011இல் தெரியவந்தது. அங்கே சீக்கிரம் பிடிபட்ட கட்டியை வெட்டி எடுத்தால் பலன் இருந்தது. சினைப்பை விஷயத்தில், முன்னால் நகர்ந்த அந்தக் கொஞ்ச காலம் நோயின் முடிவை மாற்றப் போதவில்லை.

இதற்கு நேர் எதிரான சிக்கல் ஒன்றும் உண்டு. அதற்குத் தென் கொரியாவுக்குப் போக வேண்டும். அங்கே 1999இல் அரசு, தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள், ‘வந்ததே வந்தீர்கள், கொஞ்சம் பணம் கூடக் கட்டினால் கழுத்தையும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம்’ என்றன. 2011இல் அந்த நாட்டில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு ஆகிவிட்டது. அந்த ஓராண்டில் மட்டும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையோ இத்தனை வருடமும் அசையவே இல்லை.

காரணம் பின்லாந்தில் 1985லேயே வெளிவந்திருந்தது. வேறு வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டு சுரப்பியை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்தபோது, 36 பேருக்கு அதில் புற்றுநோய் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து, வேறு ஏதோ காரணத்தால் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். கொரியாவில் ஸ்கேன் கருவி தோண்டி எடுத்தது பெரும்பாலும் இந்த மாதிரிக் கட்டிகளைத்தான். கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை செய்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தைராய்டு மாத்திரை, பத்தில் ஒருவருக்குக் கால்சியம் குறைபாடு, நூற்றில் இருவருக்குக் குரல் நரம்புப் பாதிப்பு. 2014இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலர் சேர்ந்து இதை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதினார்கள். பத்திரிகைகள் எடுத்துப் பேசின. அடுத்த ஓராண்டுக்குள் தைராய்டு அறுவைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டன.

இனி பூமிக்குள் போவோம். உள்ளே நடப்பதை வெளியிலிருந்து ஊகித்து, இது வெடிக்குமா அடங்குமா என்று சொல்ல வேண்டிய இன்னொரு கூட்டம் எரிமலை ஆய்வாளர்கள். அவர்களுக்கும் இதே இரண்டு சிக்கல்களும் உண்டு.

கரீபியன் கடலில் பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் குவாதலூப் தீவில் லா சூஃப்ரியேர் என்ற எரிமலை 1976 ஜூலையில் சாம்பலும் நீராவியுமாகச் சீறத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் சிறு அதிர்வுகள். பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் 1902இல் பெலே எரிமலை வெடித்து சுமார் 28 ஆயிரம் பேர் சில நிமிடங்களில் கருகிப்போனது எல்லோருக்கும் நினைவிருந்தது. உள்ளே புது மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, ஏறுகிறதா, அல்லது சூடான நிலத்தடி நீர்தான் ஆவியாகிப் பீறிடுகிறதா? நீராவிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் ஹாருன் தாசியேஃப். ஆபத்து உண்டு, மக்களை அகற்ற வேண்டும் என்றார் குளோத் அலேகர். இருவரும் பாரிஸ் புவி இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். சண்டை பத்திரிகைகளில் நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். மாதக்கணக்கில் ஊர் காலியாகக் கிடந்தது. மாக்மா வெளியே வரவே இல்லை. தீவின் பொருளாதாரம் அடிவாங்கியது, இரண்டு விஞ்ஞானிகளும் பரம விரோதிகளானார்கள்.

இத்தாலியில் நேப்பிள்ஸை ஒட்டிய பொஸ்ஸுவோலி நகரம் இன்னொரு உதாரணம். காம்பி ஃப்ளெக்ரெய் என்ற மிகப்பெரிய எரிமலைக் குழியின் நடுவிலேயே அந்த ஊர் இருக்கிறது. 1982இலிருந்து இரண்டே வருடத்தில் தரை 1.8 மீட்டர் உயர்ந்தது. துறைமுகத்தில் தண்ணீர் ஆழம் குறைந்து படகுகள் தரைதட்டின. சுமார் 40 ஆயிரம் பேரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் தரை தானாகவே இறங்கத் தொடங்கியது. அங்கே கடைசியாக எரிமலை வெடித்தது 1538இல். 2005 முதல் தரை மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. 2024, 2025இல் நாலுக்கு மேல் அளவுள்ள நிலநடுக்கங்கள் வந்து சுவர்களை விரிசல் விடச் செய்தன. ஆபத்து அதிகம் என்று வகுத்த சிவப்பு மண்டலத்தில் ஐந்து லட்சம் பேர் வாழ்கிறார்கள். இது கொரியாவின் தைராய்டு கட்டி மாதிரியானதா, வேறு ஜாதியா என்று அடித்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சொல்லாமல் இருப்பதுதான் நேர்மையும்கூட.

இரண்டு துறைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எரிமலையில் தவறான எச்சரிக்கை விட்டால் ஊருக்கே தெரியும். மலை அப்படியே நிற்கும். வீடு திரும்பியவர்கள் திட்டுவார்கள். விசாரணைக் குழு உட்காரும். அடுத்த முறை எப்படிச் சொல்வது என்று ஆய்வாளர்கள் கற்றுக்கொள்வார்கள். உடலுக்குள் இருந்த கட்டியை வெட்டி எடுத்துவிட்டால், அது விட்டிருந்தால் கொன்றிருக்குமா, சும்மா கிடந்திருக்குமா என்று அந்த ஒரு நோயாளியை வைத்து ஒருபோதும் சொல்ல முடியாது. தேவையே இல்லாமல் அறுவை செய்துகொண்டவரும் ‘நல்ல வேளை, சீக்கிரம் பார்த்தேன், பிழைத்தேன்’ என்றுதான் சொல்வார். மருத்துவருக்கு நன்றி சொல்லி, தன் தங்கையையும் அந்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். பிழை இப்படிப் புகழாகத் திரும்பி வருவதால் அதைத் தனித்தனி ஆட்களிடம் பார்க்க முடியாது. லட்சக்கணக்கானவர்களைப் பத்துப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்து, சாவை எண்ணினால்தான் தெரியும். அந்த ஆய்வுகள் அவ்வளவு செலவு பிடிப்பதும், அவ்வளவு தாமதமாக முடிவு வருவதும் அதனால்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, கடந்த சில வருடங்களில் இரு துறையிலும் அதிகம் பேசப்பட்ட இரண்டு புதுக் கருவிகளைப் பார்க்கலாம். இரண்டுமே ஏற்கெனவே வேறு வேலைக்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்குக் காது கொடுத்துக் கேட்கின்றன.

முதலாவது ரத்தம். நம் உடலில் செல்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன. சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டு துண்டாக ரத்தத்தில் கலக்கிறது. இப்படித் துண்டுகள் மிதப்பதை பிரான்சில் மாண்டலும் மெத்தேயும் 1948லேயே கண்டு எழுதினார்கள், டி.என்.ஏ.வின் வடிவமே அப்போது தெரியாது. வெகுகாலம் யாரும் அதைச் சீந்தவில்லை. 1997இல் டென்னிஸ் லோ, கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ. மிதப்பதைக் காட்டிய பிறகு அந்தத் துறையே சூடுபிடித்தது. புற்றுநோய்க் கட்டியின் செல்களும் சாகின்றன. அவற்றின் துண்டுகளும் ரத்தத்தில் உண்டு. ஒவ்வொரு வகைச் செல்லும் தன் டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்ற சிறு வேதி முத்திரைகளைத் தனக்கே உரிய வரிசையில் குத்தி வைத்திருக்கும். எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. புற்றுநோய் செல்லில் அந்த வரிசை கலைந்துபோகிறது. ஆகவே ஒரு துண்டைப் படித்து, இது புற்றுநோயிலிருந்து வந்ததா, எந்த உறுப்பிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

கேட்க அருமையாக இருக்கிறது. நடைமுறையில், மிதக்கும் துண்டுகளில் பெரும்பகுதி ரத்த அணுக்களிலிருந்தே வருகிறது. சின்னக் கட்டியாக இருந்தால் அதன் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். எடுத்த ஒரு குழாய் ரத்தத்தில் அதன் துண்டு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். படிக்கும் இயந்திரம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் குழாயில் இல்லாததைப் படிக்க முடியாது.

இந்த வகைப் பரிசோதனையில் பெயர் பெற்றது கிரெய்ல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கேலரி. ஒரே ரத்த மாதிரியில் 50க்கும் மேற்பட்ட புற்றுநோய்களைத் தேடுவது. பாத்ஃபைண்டர் என்ற ஆய்வில் 50 வயது தாண்டிய 6,621 பேருக்கு இதைச் செய்து பார்த்து, 2023இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 92 பேருக்கு ‘புற்றுநோய் அறிகுறி உண்டு’ என்று வந்தது. தேடிப் பார்த்ததில் 35 பேருக்கு உண்மையிலேயே இருந்தது. 57 பேருக்கு இல்லை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நோய் இல்லாத சுமார் 6,500 பேரில் 57 பேரிடம்தான் இந்தப் பரிசோதனை தவறியது. அதாவது நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 99 பேரிடம் சரியாகச் சொல்லிவிட்டது. விளம்பரத்தில் போட இதைவிட நல்ல எண் கிடைக்காது. ஆனால் ‘உங்களுக்கு இருக்கிறது’ என்ற காகிதம் கையில் வந்தவர்களைக் கேட்டால், பத்தில் ஆறு பேருக்கு அது பொய். இரண்டும் ஒரே ஆய்வின் எண்கள்தான். ஆரோக்கியமானவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அவர்களில் ஒரு சதவீதம் என்பதே, நிஜ நோயாளிகளைவிடப் பெரிய கூட்டமாகிவிடுகிறது. அப்படிப் பொய்யாக மாட்டியவர்களில் பாதிப் பேருக்கு, ஒன்றுமில்லை என்று உறுதியாக ஐந்து மாதத்துக்கும் மேல் ஆனது. ஸ்கேன், மறுபடி ஸ்கேன், சிலருக்கு பயாப்சி. மறுபக்கம், அடுத்த ஓராண்டில் அந்த 6,621 பேரில் மொத்தம் 121 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பரிசோதனை பிடித்தது அதில் 35ஐத்தான்.

இதனால் பரிசோதனை உதவாது என்று சொல்லிவிட முடியாது. அந்த 35 பேரில் சிலருக்கு, வேறு எந்த வழக்கமான பரிசோதனையும் இல்லாத புற்றுநோய்கள் பிடிபட்டன. அவர்கள் அதனால் பிழைத்தார்களா என்பதை இப்படி ஓர் ஆய்வு சொல்லாது, அவ்வளவுதான். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். இதை 1 லட்சத்து 40 ஆயிரம் பேரிடம் குலுக்கல் முறையில் சோதிக்க இறங்கியது. அதில் முதன்மைக் கேள்வியாக வைத்தது, மூன்றாம் நாலாம் ஸ்டேஜில் வருகிறவர்கள் குறைகிறார்களா என்பதை. சினைப்பை ஆய்வில் நாலாம் ஸ்டேஜ் கால்வாசி குறைந்தும் சாவு குறையவில்லை என்பதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அந்தக் கேள்வியே கொஞ்சம் இடறும்.

அதே மிதக்கும் டி.என்.ஏ., வேறொரு இடத்தில் மிகத் தெளிவாகப் பயன்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜீன் டை தலைமையில் நடந்த டைனமிக் ஆய்வு. பெருங்குடலில் இரண்டாம் ஸ்டேஜ் புற்றுநோய் வந்து அறுவை முடிந்த 455 பேர். இந்த நிலையில் கீமோ கொடுப்பதா வேண்டாமா என்பது எப்போதும் குழப்பம். பெரும்பாலானோருக்கு அறுவையே போதும், ஆனால் யாருக்கு என்று தெரியாது. ஒரு பிரிவினருக்கு வழக்கப்படி மருத்துவர் முடிவு செய்தார். மற்றவர்களுக்கு, அறுவைக்குப் பிறகும் ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் கீமோ. வழக்கமான குழுவில் 28 சதவீதம் பேர் கீமோ எடுத்தார்கள். ரத்தம் பார்த்த குழுவில் 15 சதவீதம். இரண்டு வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இரு குழுவிலும் 92, 93 சதவீதம். வழக்கப்படியானால் கீமோ எடுத்திருக்கக்கூடியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், நோய் திரும்பும் ஆபத்து கூடாமலேயே அதிலிருந்து தப்பித்தார்கள். வாந்தியும் மரத்துப்போன விரல்களுமாகக் கழியும் அந்த மாதங்களை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

ஒரே அறிவியல், இரண்டு முடிவுகள். டைனமிக்கில் கேள்வி குறுகலானது: கீமோவா, இல்லையா? பதில் எதுவானாலும் அடுத்து என்ன செய்வது என்று முன்பே தீர்மானித்திருந்தார்கள். கேலரியில் ‘எங்கேயோ ஏதோ’ என்ற செய்தி வந்த பிறகுதான் தேடலே தொடங்குகிறது.

இரண்டாவது கருவி, இணையத்துக்காகப் புதைத்த கண்ணாடி இழைக் கேபிள். அதன் ஒரு முனையில் லேசர் துடிப்புகளை அனுப்பினால், கண்ணாடிக்குள் இருக்கும் நுண்ணிய குறைகளில் பட்டு ஒளி கொஞ்சம் திரும்பி வரும். தரை அசைந்து கேபிள் இம்மியளவு நீண்டாலும் சுருங்கினாலும் திரும்பி வரும் ஒளி மாறும். எங்கே மாறியது என்பதை ஒளி திரும்பி வர எடுத்த நேரம் சொல்லும். சில மீட்டருக்கு ஒன்று வீதம் கேபிள் நெடுக அதிர்வுமானிகளைப் பதித்து வைத்த மாதிரி.

ஐஸ்லாந்தின் தென்மேற்கு மூலையில் கிரிண்டாவிக் என்ற மீன்பிடி ஊர். அப்போது அங்கே சுமார் 3,800 பேர். 2023 நவம்பர் 10 அன்று அந்த ஊருக்கு அடியில் மாக்மா நீண்ட சுவர்போலப் பிளந்துகொண்டு ஏறியது. பதினைந்து கிலோமீட்டர் நீளம். அன்றிரவே ஊரைக் காலி செய்தார்கள். டிசம்பர் 18இல்தான் ஊருக்கு வடக்கே நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வெளியே வந்தது. 2024 ஜனவரி 14 காலையில் ஊரின் ஓரத்திலேயே பிளந்து மூன்று வீடுகளை எரித்தது. அதிகாலையிலேயே ஊரை மறுபடி காலி செய்திருந்ததால் குழம்புக்கு யாரும் பலியாகவில்லை.

இதற்கிடையே அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோங்வென் ஜான் குழு, ஐஸ்லாந்து வானிலைத் துறையோடு சேர்ந்து, அந்தப் பகுதியில் ஏற்கெனவே இருந்த 100 கிலோமீட்டர் தொலைத்தொடர்பு கேபிளில் தன் கருவியைப் பொருத்திவிட்டது. ஓராண்டுப் பதிவை 2025இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். மாக்மா ஏறும்போது மேலே தரை எப்படி நீள்கிறது என்பதை நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க முடிந்தது, ஜி.பி.எஸ். நிலையங்களுக்கும் செயற்கைக்கோளுக்கும் பிடிபடாத வேகம் அது. அரை மணி நேரம் முதல் சில மணி நேரம் வரை முன்னெச்சரிக்கை சாத்தியம் என்று காட்டினார்கள். பதிவான மாக்மா ஏற்றங்கள் ஒன்பது. அவற்றில் வெளியே வந்து கொட்டியது ஆறு. மீதி மூன்று உள்ளேயே உறைந்துவிட்டன.

அதாவது இந்த நுட்பமான கருவியின் அபாய மணியும் மூன்றில் ஒரு முறை வீண். அதனால் யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. அந்த மூன்று முறையும் செய்ய வேண்டியது என்ன? போன்களுக்குக் குறுஞ்செய்தி, சைரன், ஊரில் இருக்கும் சிலர் காரில் ஏறிச் சாலையைப் பிடிப்பது. திரும்பி வந்துவிடலாம். அரை மணி நேரம் அதற்குப் போதும். 1976இல் குவாதலூப்பில் எழுபதாயிரம் பேருக்கு மாதக்கணக்கில் ஆன செலவு இங்கே ஒரு பிற்பகல்.

எச்சரிக்கை இருந்தும் வீணான கதைகளும் உண்டு. கொலம்பியாவில் நெவாதோ டெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 அன்று வெடித்தபோது, சேற்று வெள்ளம் அர்மேரோ நகரை எட்ட இரண்டரை மணி நேரம் ஆனது. எந்த ஊர் மூழ்கும் என்று காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயார். யாரும் ஊரைக் கிளப்பவில்லை. அந்த வெடிப்பில் 23 ஆயிரம் பேர் மாண்டார்கள். ஆறு வருடம் கழித்து பிலிப்பைன்ஸில் பினாத்துபோ விழித்தபோது, ஆய்வாளர்கள் கருவிகளோடு நிற்கவில்லை. எரிமலை என்ன செய்யும் என்று காட்டும் ஒரு வீடியோவை அதிகாரிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். 1991 ஜூன் 15இல் அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று நடந்தது. குறைந்தது ஐயாயிரம் உயிர்கள் தப்பின என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் மதிப்பீடு.

நிலநடுக்கத்தில் இந்தப் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. 2023இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பிளெத்தேரியும் நோக்கேயும், ஏழும் அதற்கு மேலும் அளவுள்ள 90 பெரிய நிலநடுக்கங்களின் ஜி.பி.எஸ். பதிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து, அவற்றுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் தரை நகரத் தொடங்குவதுபோல் ஒரு தடயம் தெரிகிறது என்று எழுதினார்கள். உலகமே பரபரத்தது. ஆனால் பக்கத்துப் பக்கத்து ஜி.பி.எஸ். நிலையங்களில் பொதுவாக இருக்கும் இரைச்சலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தடயம் மறைந்துபோகிறது என்று வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பதிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்ததால்தான் இந்தச் சரிபார்ப்பு சீக்கிரமே நடந்தது.

நம் பக்கம் அதற்கு நேர் எதிர் நடந்தது. உத்தராகண்டின் ஜோஷிமட் நகரம் பழைய நிலச்சரிவு மண்ணின் மேல் நிற்கிறது, அங்கே கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மிஸ்ரா கமிட்டி 1976லேயே எழுதிக் கொடுத்தது. 2023 ஜனவரியில் வீடுகள் பிளந்தபோது, இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, 12 நாட்களில் 5.4 சென்டிமீட்டர் தரை இறங்கியிருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. சில நாட்களில் அறிக்கை இணையதளத்திலிருந்து காணாமல் போனது. ஊகங்களும் குழப்பமும் வருவதால் இனி நிறுவனங்கள் தனித்தனியாகப் பேச வேண்டாம் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்லியிருந்தது. அதிகாரிகளின் கவலை புரியாமல் இல்லை. ஆனால் தரை இறங்குவதைப் பற்றித் தெரிந்துகொள்ள அதன்மேல் குடியிருப்பவர்களைவிட உரிமை உள்ளவர்கள் யார்? இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நைசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைத் திரும்பப் பார்த்து, சென்டிமீட்டர் கணக்கில் தரை அசைவை அளக்கும். இமயமலையின் எந்தச் சரிவு நழுவுகிறது என்பது இனி தெரிந்துகொண்டே இருக்கும். அந்தச் செய்தி தாசில்தார் அலுவலகத்தைத் தாண்டி, சரிவில் வீடு கட்டியிருப்பவருக்கு எந்த வழியில் போகும் என்பதற்கு ராக்கெட் தேவையில்லை. ஆனால் அதற்குத்தான் இன்னும் சரியான ஏற்பாடு இல்லை.

கருவி மிக எளிமையாக இருந்து, அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாடு பலமாக இருந்த ஒரு கதை நம் திண்டுக்கல்லில் நடந்தது. 2000 முதல் 2006 வரை, அந்த மாவட்டத்தின் ஊராட்சிகளில் 30 முதல் 59 வயதுள்ள சுமார் 80 ஆயிரம் பெண்களை வைத்து, புற்றுநோய் ஆய்வாளர் சங்கரநாராயணன் குழுவினர் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு நடத்தினார்கள். 49 ஆயிரம் பேர் இருந்த ஊர்களுக்குப் பரிசோதனை. மற்ற ஊர்களுக்கு வழக்கமான மருத்துவம். பரிசோதனை என்றால், பயிற்சி பெற்ற நர்ஸ் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பது. கிட்டத்தட்ட வினிகர்தான். மாறத் தொடங்கிய செல்கள் வெள்ளையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் அங்கேயே உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து, தேவைப்பட்டால் அன்றைக்கே அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடுவார்கள். இரண்டாவது முறை வரச் சொன்னால் எத்தனை பேர் பஸ் ஏறி வருவார்கள் என்பது நர்ஸ்களுக்குத் தெரியும்.

இந்தப் பரிசோதனையும் பொய் மணி அடிக்கும். வந்தவர்களில் பத்துக்கு ஒருவருக்கு ‘வெள்ளையாகத் தெரிகிறது’ என்று வந்தது; அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் அந்தச் சந்தேகம் ஐந்து மாதம் இழுக்கவில்லை. பரிசோதனை செய்த ஊர்களில் புதிதாகப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. 2007இல் லான்செட்டில் வந்தது.

கண்ணை நம்பும் முறைக்கு அதன் குறையும் உண்டு. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறும். மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1 லட்சத்து 31 ஆயிரம் பெண்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில் இந்த முறையால் சாவு குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. அதே ஆய்வில், நோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸைத் தேடும் பரிசோதனையை வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்துகொண்ட குழுவில், எட்டு வருடத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய பாதியானது. அது வெளிவந்தது 2009இல். உலக சுகாதார நிறுவனமும் இப்போது அந்தப் பரிசோதனையைத்தான் முதலில் வைக்கிறது.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களிடம், எப்போதாவது ஒருமுறையாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8.